டோராவுக்குப் பதில் சொன்ன அம்மா

என் தம்பி ஆடுகிற வீடியோ ஒன்று என்னிடம் இருக்கிறது. 1 நிமிடம் 52 விநாடி ஓடும். 2009இல் சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா தன் புது செல்போனில் எடுத்தது. தம்பிக்கு அப்போது நான்கு வயது. சட்டை இல்லாமல், அரைஞாண் கயிறும் டவுசருமாக, கைகளை விரித்துச் சுற்றிச் சுற்றி ஆடுகிறான். அவனுக்குப் பின்னால் அரசாங்கம் கொடுத்த 14 அங்குல டிவி. டிவியில் டோரா.

மாமா படம் எடுத்தது தம்பியை. டிவி அதில் தற்செயலாக விழுந்தது. படம் மங்கல், டோராவின் முகம் ஒரு பழுப்பு வட்டம், சட்டை ஒரு ரோஸ் கறை, அவ்வளவுதான் தெரியும். ஆனால் ஒலி நன்றாகக் கேட்கிறது. அதில் முகம் தெரியாத இரண்டு பெண்களின் குரல் இருக்கிறது. ஒன்று, டோராவுக்குத் தமிழ் பேசிய குரல். இன்னொன்று, என் அம்மாவின் குரல்.

இரண்டு குரலும் எனக்கு வேறு எங்கும் கிடைக்கவில்லை. முதல் குரல் கிடைக்காமல் போனதில் எனக்குப் பங்கில்லை. இரண்டாவது குரலை நிறுத்தியது நான்தான். அதை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

*

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில், திருநெல்வேலிக்கு மேற்கே இருக்கிறது. பீடி சுற்றும் ஊர். அப்பா கேரளாவில் கட்டட வேலை பார்த்தார். மாதத்துக்கு ஒரு முறை வந்து போவார். வீட்டில் ஆச்சி, அம்மா, நான், தம்பி.

2006 சட்டமன்றத் தேர்தலில் திமுக இலவச வண்ணத் தொலைக்காட்சி தருவதாகச் சொன்னது. ஆட்சிக்கு வந்ததும் அந்த ஆண்டு செப்டம்பரிலேயே கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் தெருவின் முறை வந்தது 2008இல். ஆச்சி ரேஷன் கார்டைக் கொண்டுபோய்க் கைநாட்டு வைத்து வாங்கி வந்தாள். அதற்கு முந்தின வருடம், 2007 ஏப்ரலில், சன் குழுமம் குழந்தைகளுக்காகச் சுட்டி டிவியைத் தொடங்கியிருந்தது. அதுவரை பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்த 'டோராவின் பயணங்கள்' எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. எனக்கு ஒன்பது வயது.

அம்மா டோராவைப் பார்த்ததில்லை. கேட்டாள். பீடி சுற்றுகிறவர்களுக்கு இது புரியும். முந்தின இரவு இலையைத் தண்ணீரில் நனைத்துச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். காலையில் தகரத் துண்டை அளவு வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். பிறகு மடியில் தட்டு. இலையைக் கையில் வைத்துத் தூளைத் தூவி, சுருட்டி, நுனியை மடக்கி, நூலால் இரண்டு சுற்று. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம். கண் தட்டை விட்டு எழுந்தால் கை நிற்கும். கை நின்றால் அன்றைக்கு ஆயிரம் தேறாது. காதுக்கு மட்டும்தான் விடுமுறை. அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் பாட்டு கேட்பார்கள், சீரியல் கேட்பார்கள். 'நேத்து அந்த நாடகம் கேட்டியா' என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

அம்மாவுக்கு டோரா என்பது ஒரு குரல்தான். என் வயதுப் பெண் குரல், நல்ல தெளிவான தமிழ். அதட்டாத குரல்.

*

டோரா அமெரிக்காவில் பிறந்தவள். நிக்கலோடியன் சேனலில் 2000 ஆகஸ்டில் தொடங்கிய தொடர். அவளை உருவாக்கிய மூவரில் வாலரி வால்ஷ் வால்டெஸ் ஒரு பெண். டோரா மார்கெஸ் என்பது முழுப்பெயர். லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளை, வயது ஏழு. 'எக்ஸ்ப்ளோராடோரா' என்ற ஸ்பானியச் சொல்லின் வாலை வெட்டி வைத்த பெயர் அது. புது இடங்களைத் தேடிப் போகிறவள் என்று பொருள். அந்தச் சொல்லிலேயே பெண்பால் இருக்கிறது. எங்கள் ஊரில் இடம் இடமாகப் போகிற பெண்ணைக் குறிக்கவும் சொற்கள் உண்டு. அவை எதையும் பிள்ளைக்குப் பெயராக வைக்க முடியாது.

முதுகில் பை, கையில் வரைபடம், கூடப் புஜ்ஜி என்கிற குரங்கு. மூலத்தில் அதற்கு பூட்ஸ் என்று பெயர். வரைபடம் மூன்று இடங்களைச் சொல்லும். ஒவ்வொன்றாகத் தாண்டிப் போக வேண்டும். வழியில் ஒரு நரி வந்து பொருளைத் திருடப் பார்க்கும். 'குள்ளநரி திருடக்கூடாது' என்று மூன்று தரம் சொன்னால் விட்டுவிட்டுப் போகும். என் வயதுப் பெண்கள் யாரிடம் இந்த மூன்று சொல்லைச் சொன்னாலும் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

அந்தத் தொடரின் உயிர் இன்னொரு இடத்தில் இருந்தது. டோரா நடுநடுவே நின்று, நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பாள். பாலம் எங்கே இருக்கிறது? எந்த வழியாகப் போகலாம்? கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பாள். கண்ணை மட்டும் சிமிட்டுவாள். பதில் சொல்வதற்கான நேரம் அது. பிறகு, நாம் சொன்னதைக் கேட்டவள் போல, சரி என்று மேலே போவாள். 1996இல் வந்த 'ப்ளூஸ் க்ளூஸ்' என்ற அமெரிக்கத் தொடரும் இப்படி நிறுத்திக் கேட்டதுதான்.

அந்த இடைவெளியில் நானும் தம்பியும் கத்துவோம். எங்களுக்குப் பின்னாலிருந்து, தட்டை விட்டுக் கண் எடுக்காமல், அம்மாவும் சொல்வாள்.

"ஏட்டி, பாலத்துக்குல்லா போணும்? அங்கிட்டு எதுக்குப் போறா?"

அவள் படத்தைப் பார்க்கவில்லை. வரைபடம் சொன்ன மூன்று இடங்களையும் காதில் வாங்கி மனதில் வைத்திருந்தாள். நாங்கள் பார்த்துச் சொன்னதை அவள் நினைவிலிருந்து சொன்னாள். பெரும்பாலும் எங்களுக்கு முந்திச் சொன்னாள்.

டோரா ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அம்மா ஒன்று சொல்வாள்: "இந்தப் பிள்ளைய இப்டித் தனியா விட்ருக்காளே, இவ அம்மைக்கு என்ன தைரியம்!" முடியும்போது அடுப்படியில் இருந்தால்கூட அங்கிருந்து கேட்பாள்: "வீட்டுக்கு வந்துட்டாளாட்டி?" கதை என்ன ஆனது, திருட்டுப் போனது கிடைத்ததா என்று கேட்டதில்லை. வந்துட்டாளா என்பது மட்டும்தான் கேள்வி. நான் கல்லூரி விடுதியில் இருந்த மூன்று வருடமும் இரவு எட்டு மணிக்கு போன் செய்து இதையேதான் என்னிடமும் கேட்டாள்.

*

மூலத்தில் டோரா ஆங்கிலம் பேசுவாள். ஸ்பானியச் சொற்களைக் கற்றுத் தருவாள். அமெரிக்காவில் ஸ்பானியம் பல குடியேறிக் குடும்பங்களின் வீட்டு மொழி. டோரா தன் பாட்டியோடு பேசுகிற மொழி. பாட்டியின் மொழியை நாடு முழுக்கப் பார்க்கும் குழந்தைகளுக்குச் சொல்லித் தந்ததுதான் அந்தத் தொடர் செய்த பெரிய காரியம்.

தமிழுக்கு வந்தபோது டோரா தமிழ் பேசினாள். ஸ்பானியம் இருந்த இடத்தில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்தது. முதுகலை படிக்கும்போது இதை யோசித்து எனக்குக் கோபம் வந்தது. வீட்டு மொழிக்கு மேடை கொடுக்க உருவான இடத்தில், ஏற்கெனவே எல்லா மேடையிலும் இருக்கிற மொழியை ஏற்றிவிட்டார்களே என்று ஒரு வகுப்புக் கட்டுரைகூட எழுதினேன். அது தப்பில்லை. ஆனால் அந்தக் கட்டுரையில் என் அம்மா இல்லை.

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆச்சிக்குக் கை நடுங்கத் தொடங்கியதும் பள்ளியை நிறுத்திவிட்டுத் தட்டை எடுத்து மடியில் வைத்தார்கள். ஆங்கிலம் தொடங்குவதற்கு முன்பே பள்ளி முடிந்துவிட்டது. அவளுக்கு முதன்முதலாக, சிரிக்காமல், அவசரப்படுத்தாமல், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தது டோராதான். ஓப்பன், ஜம்ப், ப்ரிட்ஜ். ஆற்றுப் பாலத்தை ஊரே 'பாலம்' என்றபோது அம்மா மட்டும் 'ப்ரிட்ஜ்' என்று சொல்லி எங்களைப் பார்த்துச் சிரிப்பாள்.

பீடிக்கடையில் ஒரு நாள் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கட்டுகளைக் கடையில் எண்ணிப் போடும்போது கணக்குப்பிள்ளை சிலதைக் கழிவென்று ஒதுக்குவார். ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது. அதை எதிர்த்துப் பேச முடியாது. மறுநாள் இலை கிடைக்காது. அன்றைக்கு அம்மா கட்டுகளைச் சத்தமாக எண்ணிப் போட்டாள். ஒன், டூ, த்ரீ என்று பத்து வரை. பத்துக்கு மேல் தெரியாது. அதனால் பதினொன்றிலிருந்து தமிழ். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

கணக்குப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "என்ன, இங்கிலீசுல எண்ணுதியோ?"

"எதுல எண்ணுனாலும் எண்ணிக்கை ஒண்ணுதானண்ணே" என்றாள் அம்மா.

அன்றைக்கும் கழிவு ஒதுக்கப்பட்டது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா வேகமாக நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

அந்தக் கடையில் எங்கள் பாஸ்புக் ஆச்சியின் பெயரில் இருந்தது. சுற்றியதெல்லாம் அம்மா. வருங்கால வைப்பு நிதி ஆச்சியின் கணக்கில் ஏறியது. பல வீடுகளில் இப்படித்தான். பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று 1966இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு என் அம்மா தொழிலாளியே இல்லை. கட்டின் மேல் ஒட்டுகிற லேபிளில் கம்பெனியின் பெயர் இருக்கும். சுற்றிய கை யாருடையது என்று எந்த லேபிளிலும் இருக்காது.

*

2011இல் நான் ஏழாம் வகுப்பு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த வேறொரு பள்ளிக்கு மாறியிருந்தேன். அங்கே ஒரு சிநேகிதி கிடைத்தாள். அவள் அப்பா அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தார். வீட்டில் சோபா உண்டு. ஒரு சனிக்கிழமை நோட்டு வாங்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் காலையிலேயே எழுந்து வீட்டைப் பெருக்கி, தூள் வாசனை போக ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தேன்.

தம்பி டோரா போட்டிருந்தான். அம்மா வழக்கம்போலத் தட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டோரா ஏதோ கேட்டாள். அம்மா பதில் சொன்னாள். சொன்னது ஆங்கிலச் சொல், உச்சரிப்பு தப்பு. சிநேகிதி என்னைப் பார்த்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. அவளும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைதானே.

நான் அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். "சும்மா இரும்மா! அது டிவி. அதுக்குக் காதா இருக்கு?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பீடியை மடக்கி நூல் கட்டினாள். அடுத்த இலையை எடுத்தாள். சிநேகிதிக்குக் காப்பி போட எழுந்து போனாள்.

மறுநாள் டோரா கேட்டபோது பின்னாலிருந்து குரல் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும். அம்மா திருந்திவிட்டாள் என்று நினைத்தேன். அந்த வருடக் கடைசியில் நான் வயதுக்கு வந்தேன். பதினாறு நாள் மூலையில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் டிவி பாதிதான் தெரியும். டோரா பையை மாட்டிக்கொண்டு கிளம்புவது மட்டும் காதில் விழும். நானும் அம்மாவைப் போலவே அவளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டோரா கேள்வி கேட்டாள். வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை.

இப்போது என்னிடம் யாராவது, அந்த வீட்டில் உன் அம்மாவிடம் கேள்வி கேட்டவர்கள் யார் யார் என்று கேட்டால் நீளமான பட்டியலே சொல்லலாம். சோறு ஆச்சா, கட்டு முடிஞ்சுதா, பணம் எங்கே, யார்கூடப் பேசிட்டு இருந்தே. எல்லாம் கேள்விகள்தான். கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருந்து, நீ சொன்னது சரி என்று சொன்னது டோரா ஒருத்திதான். காது இல்லாத அந்த டிவிக்கு இருந்த பொறுமை காது உள்ள எனக்கு இல்லை.

*

சில வருடங்களுக்கு முன்பு விடுதி அறையில் நாங்கள் ஆறேழு பேர் பேசிக்கொண்டிருந்தபோது டோரா பேச்சு வந்தது. நரியை விரட்டும் வசனத்தை எல்லோரும் சேர்ந்து கத்தினோம். உடனே போனில் தேடினோம். அன்றிரவு தொடங்கிய தேடல் பிறகு எனக்கு வேலையாகவே ஆகிவிட்டது.

ஆங்கில டோரா வேண்டிய மட்டும் கிடைத்தாள். நான் கேட்டு வளர்ந்த தமிழ் டோரா துண்டு துண்டாகத்தான் கிடைத்தாள். யாரோ டிவி முன்னால் போனைப் பிடித்து எடுத்தது, பாதியில் அறுந்தது, கேலி வீடியோவுக்காக ஒரே ஒரு வசனத்தை வெட்டி எடுத்தது. நான் சேர்த்தவை மொத்தம் 11 துண்டுகள். ஒரு முழுக் கதைகூட இல்லை. ஒரு தொடர் எங்கோ ஓர் அலமாரியில் இருப்பது வேறு. அதைக் கேட்டு வளர்ந்தவளின் கைக்கு அது எட்டுவது வேறு.

டப்பிங் தொலைவது எப்படி என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன். வெளிநாட்டுத் தொடர் ஒன்றை வாங்கும்போது படம் ஒரு பக்கமும், பேச்சு நீக்கிய இசையும் சத்தங்களும் மட்டும் உள்ள ஒலித்தடம் ஒரு பக்கமுமாக வரும். உள்ளூர்க் குரல்களைப் பதிவு செய்து அதன்மேல் ஏற்றுவார்கள். ஒளிபரப்பும் உரிமை சில வருடங்களுக்குத்தான். அது முடிந்தால் படம் மூல முதலாளியிடமே இருக்கும், அவருக்கு நட்டமில்லை. நடுவில் அந்தரத்தில் நிற்பது உள்ளூர்க் குரல்தான். படம் இல்லாமல் அதைத் தனியே போட முடியாது. உரிமை இல்லாமல் படத்தோடும் போட முடியாது. பிறகு வேறொருவர் உரிமை வாங்கினால் வேறு குரல்களை வைத்துப் புதிதாகவே பேச வைத்துக்கொள்ளலாம். பழைய குரலைக் காப்பாற்ற வேண்டிய தேவை வியாபாரத்தில் யாருக்கும் இல்லை.

அந்தக் குரல் யாருடையது? ஆங்கில டோராவுக்கு முதலில் பேசியவர் கேத்லீன் ஹெர்லஸ் என்று ஒரு நொடியில் தெரிந்துகொள்ளலாம். ஜப்பானில் 1979 முதல் 2005 வரை டோரேமானாகப் பேசியவர் நொபுயோ ஒயாமா என்ற பெண். டிராகன் பால் தொடரின் கோகுவுக்குப் பேசுபவர் 1936இல் பிறந்த மசாகோ நொசாவா என்ற பெண். அங்கே அவர்கள் நட்சத்திரங்கள். என்னிடம் இருக்கும் 11 துண்டுகளில் ஒன்றிலும் தமிழ்க் குரலின் பெயர் இல்லை.

தமிழில் பெண்குரல் பெயரில்லாமல் உழைப்பது புதிதில்லை. எத்தனையோ கதாநாயகிகளின் அழுகையும் சிரிப்பும் ஒலிப்பதிவுக் கூடத்தின் இருட்டறையில் நின்ற வேறொரு பெண்ணுடையது. '96' படத்தில் த்ரிஷாவுக்குப் பேசியவர் சின்மயி. அந்தப் படம் வெளிவந்த அதே 2018இல்தான் அவர் மீ டூ குற்றச்சாட்டுகளை வெளியில் சொன்னார். சில வாரங்களில் டப்பிங் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. குரல் வேண்டும், ஆனால் அந்தக் குரல் தனக்காகப் பேசக்கூடாது என்பது எனக்குக் கேட்டுப் பழகிய விதி. எங்கள் பீடிக்கடையிலும் அதே விதிதான்.

டோராவின் டப்பிங்கை நினைக்கும்போது இன்னொன்றும் தோன்றும். டோரா கேட்டுவிட்டுக் காத்திருக்கும் அந்தச் சில விநாடிகளுக்கு டப்பிங் தேவையில்லை. ஆங்கிலத்திலும் தமிழிலும் அது ஒரே மௌனம். தமிழ்க் குரல் கொடுத்தவரும் மைக் முன்னால் அந்த நேரம் வாயை மூடி நின்றிருப்பார். அவர் விட்ட இடத்தில்தான் என் அம்மா பேசினாள். பாதி வசனம் சென்னையில் ஓர் அறையில் பதிவானது. மீதிப் பாதியை வீடுகளில் இருந்தவர்கள் சொன்னார்கள். முழுத் தொடரும் நாளைக்கே நல்ல தரத்தில் கிடைத்தாலும் இந்த மீதிப் பாதி அதில் இருக்காது.

*

பிலடெல்பியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்று ஒரு கறுப்பினப் பெண் இருந்தார். முன்னாள் நூலகர், இடதுசாரிச் செயல்பாட்டாளர். தொலைக்காட்சிச் செய்திகளை முப்பது வருடங்களுக்கும் மேலாக, இரவும் பகலும், பல பெட்டிகளில் ஒரே நேரத்தில் பதிவு செய்தார். 2012இல் அவர் இறந்தபோது வீட்டில் சுமார் 70,000 கேசட்டுகள் இருந்தன. உயிரோடு இருந்தபோது பலருக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. இப்போது அது ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நாளைக்குத் தேவைப்படும் என்று நம்பி, யாரும் கேட்காமலேயே சேர்த்து வைத்த பெண் அவர்.

எங்கள் வீட்டில் அப்படி யாரும் சேர்க்கவில்லை. செல்போன் வைத்திருந்தது மாமா. அவர் எடுத்தது ஆண்பிள்ளையை. அந்த மெமரி கார்டில் தம்பியின் வீடியோ ஒன்பது இருக்கிறது. நான் ஒன்றில் ஓரமாக வருகிறேன். அம்மா ஒன்றிலும் இல்லை. 2023இல் மாமா பழைய சாமான்களை ஒழித்தபோது அந்தக் கார்டை என்னிடம் கொடுத்தார். டோரா ஓடும் வீடியோவில் 1 நிமிடம் 31ஆவது விநாடியில், டோரா கேட்டு நிறுத்திய இடத்தில், படத்துக்கு வெளியேயிருந்து அம்மா சொல்கிறாள்: "பாலத்துக்குல்லா போணும்." யாரும் அவளைப் பதிவு செய்ய நினைக்கவில்லை. படத்தில் வராமல் ஒதுக்க முடிந்தது. குரலை ஒதுக்க முடியவில்லை.

அதைக் கேட்டு நான் அழுதேன். பிறகு இரண்டு மாதம் அம்மாவிடம் காட்டாமல் வைத்திருந்தேன். காட்டினால் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பேச வேண்டியிருக்குமே என்ற பயம்தான்.

பொங்கலுக்குப் போனபோது காட்டினேன். அம்மா இப்போது பீடி சுற்றுவதில்லை. இருமலும் கண்ணும் விடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் தம்பியைப் பார்த்துச் சிரித்தாள். அவள் குரல் வந்தது. புரியவில்லை. இன்னொரு முறை போட்டேன்.

"இது யாரு? ஆச்சியா?"

"நீதாம்மா."

"என் சத்தம் இப்டியா இருக்கும்?"

ஐம்பது வயதில் அவள் தன் குரலை வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டு மூன்றாவது முறை கேட்டாள். படத்தைப் பார்க்கவில்லை. பழைய பழக்கம்.

நான் சொன்னேன். ஒரு சனிக்கிழமை என் சிநேகிதி வந்திருந்தாளே, அன்னைக்கு உன்னை வாய மூடச் சொன்னேன், உனக்கு நினைவிருக்கா என்று. எனக்குக் குரல் சரியாக எழும்பவில்லை.

அம்மாவுக்கு நினைவிருந்தது. "பிள்ளைக்குக் கூச்சமா இருந்திருக்கும்னு நெனச்சேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா மனசுக்குள்ள சொல்லிட்டுத்தாம்ட்டி இருந்தேன்" என்றாள்.

மன்னித்தாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாக்கள் மன்னிப்பதை நாம் மிகச் சுலபமாக எழுதிவிடுகிறோம். அவள் மனதுக்குள் சொன்ன பதில்கள் எல்லாம் எந்தக் கார்டிலும் இல்லை. அவை போனது போனதுதான்.

வீடியோ அம்மா சொன்னதற்குச் சற்றுப் பிறகு முடிந்துவிடுகிறது. தம்பி கால் தடுக்கி விழுகிறான், மாமா சிரிக்கிறார், அத்தோடு நின்றுபோகிறது. டோரா என்ன சொன்னாள் என்பது அதில் இல்லை. அம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"பெறவு அவ என்ன சொன்னா? பாலந்தானே?"

"பாலந்தாம்மா. சரியாச் சொன்னே."

"வீட்டுக்கு வந்துட்டாளா?"

வந்துவிட்டாள் என்றேன்.

அந்த வீடியோவை இப்போது மூன்று இடத்தில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். தம்பியின் பெயரில் இருந்த கோப்புக்கு அம்மாவின் பெயரை வைத்தேன். டோராவுக்குத் தமிழ் பேசியவரின் பெயருக்காக ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டு மேஜை அறையிலும் பழைய போனும் மெமரி கார்டும் கிடக்கலாம். எடுத்துப் பாருங்கள். அதில் பிறந்தநாள் கேக் வெட்டும் பையனுக்குப் பின்னால், கல்யாண மேடைக்கு வெளியே, ஓடுகிற டிவிக்கு இந்தப் பக்கம், யாரோ ஒரு பெண் பேசிக்கொண்டிருப்பாள். அது யார் என்று கேட்டு எழுதி வையுங்கள். முடிந்தால் அவளையே கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள்.